நீ வரம்பு போட்ட வன்தட்டு

நீ இறந்து இருபத்துநான்காம் நாள், திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, நீ என் அச்சகத்தில் பொருத்தித் தந்த கணினி வேலை செய்ய மறுத்தது. அந்த நேரம் அதில் திறந்திருந்தது உன்னுடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலர். பதினாறாம் பக்கம். யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு நீ விறைத்து நிற்கும் கலியாணப் படம். பக்கம் வடிவமைக்கும் ஜெனிட்டா அதைச் சேமிக்கப் போனாள். திரையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது.

"அண்ணன், இடமில்லையெண்டு சொல்லுது."

"என்ன இடமில்ல? அரைவாசிக்கு மேல சும்மா கிடக்கெண்டு போன கிழமைதானே காட்டினாய்?"

"ஓம், இப்பவும் அப்பிடித்தான் கிடக்கு. ஆனா எழுத விடுகுதில்லையே."

"ஆள் போயும் அவன்ட திமிர் போகல்ல" என்றேன்.

ஜெனிட்டா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "செத்தவர அப்பிடிச் சொல்ல ஒண்ணா அண்ணன்."

"செத்தவுடனே எல்லாரும் நல்லவனாகிருவானா?"

உன் மலரில் உன்னைப் பற்றி ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள். அச்சடிப்பவன் என்ற முறையில் ஆறையும் வாசித்தேன். அன்பானவனாம், பண்பானவனாம், உதவி என்று கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாதவனாம். ஆறு பேரும் ஒரே கடையில் வாங்கிய சட்டை மாதிரி எழுதியிருக்கிறார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் எழுதிக் கொடுத்திருக்கக்கூடியது இதுதான். அச்சேறாது என்றாலும் எழுதுகிறேன்.

களுவாஞ்சிக்குடியில் நான் ஒரு பழைய போட்டோக் கொப்பி மெஷினோடு தொடங்கியவன். மழை பெய்தால் மெஷினுக்குக் குடை பிடித்துவிட்டு நான் நனைந்தேன். விண்ணப்பப் படிவம், பிறகு கலியாணக் காட், பிறகு பெனர், பிறகு இந்த அச்சகம். நீ எதிர்ப்பக்கத்தில் கணினி திருத்தும் கடை போட்டாய். ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் என்பதால் என் கணினி வேலை முழுக்க உன்னிடம். அதில் எனக்கு ஒரு குறையும் அப்போது இருக்கவில்லை. வாடிக்கையாளர் கொண்டுவரும் ஒவ்வொரு பென்ட்ரைவோடும் ஒரு வைரசும் சேர்ந்து வந்துகொண்டிருந்த காலம். நீ வந்து பார்த்துவிட்டுச் சொன்னாய்:

"களவு விண்டோஸ் போட்டுத் தரமாட்டன் மச்சான். லினக்ஸ் போடுறன். காசும் இல்ல, வைரசும் அண்டாது."

"காசில்லையெண்டா போடு" என்றேன். எனக்குத் தேவைப்பட்ட விளக்கம் அவ்வளவுதான்.

ஒரு டெராபைட், அதாவது ஆயிரம் ஜிபி பிடிக்கும் வன்தட்டு ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்தாய். அதை இரண்டாகப் பிரித்தாய். கணினி தன் சொந்த வேலைக்கு வைத்துக்கொள்ள முப்பது ஜிபி. மிச்சமெல்லாம் அச்சகத்தின் படங்களுக்கும் பக்கங்களுக்கும். முழுசாய் ஒன்றாக விடாமல் ஏன் பிரிக்கிறாய் என்று கேட்டேன். "மறுகா சொல்லுறன்" என்றாய். அந்த மறுகா, அந்தப் பிறகு, உன்னிச்சைக் குளத்தடியில்தான் வந்தது.

உன் மாமனாரின் வயல் வட்டைக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனோம். மோட்டார் சைக்கிளும் என்னுடையது, பெற்றோலும் என்னுடையது. நாற்பது ஏக்கர் வட்டை கண்ணுக்கெட்டும்வரை பச்சையாய்க் கிடந்தது. நீ வரம்பில் நின்றுகொண்டு கையை நீட்டினாய்.

"இந்தா பார். இது முழுக்க ஒரே வட்டை, உன்ட ஹாட் டிஸ்க் மாதிரி. வரம்பு போடாட்டி தண்ணி முழுக்கப் பள்ளத்துக்கு ஓடிரும். வரம்பு போட்டா அந்தந்தத் துண்டுத் தண்ணி அந்தந்தத் துண்டுல நிக்கும். உன்ட கலியாணக் காட்டும் பெனரும் எவ்வளவு பெருகினாலும் மெஷின்ட துண்டுக்குள்ள வந்து அத மூழ்கடிக்க ஏலா."

நல்ல விளக்கம். இன்றுவரை மறக்கவில்லை. ஆனால் நான் வியாபாரி. ஒரு பக்கம் சரியென்று காட்டினால் மற்றப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவன்.

"மெஷின்ட துண்டு நிரம்பினா?"

"நிரம்பாது."

"நிரம்பினா எண்டு கேக்கிறன்."

"அதுக்கு நான் இரிக்கன்தானே."

இதுதான் நீ. கேட்ட கேள்விக்குப் பதில் தராமல் உன்னையே பதிலாகத் தருவாய். அந்த முப்பது ஜிபித் துண்டைத் திறந்து வேலை செய்ய ஒரு கடவுச்சொல் வேண்டும். அதைக் கேட்டபோதும் அதே கதைதான். "தந்தா கண்ட கண்டத அழிச்சுப்போட்டு வந்து நிப்பாய். நீ தாள எண்ணு. இத நான் பாத்துக்கொள்ளுறன்." என் காசில் வாங்கிய கணினி, என் கடையில், என் மின்சாரத்தில் ஓடுகிறது, திறப்பு உன் சட்டைப்பையில். அதைப் பொறுத்துக்கொண்டேன். பொறுத்ததை நட்பு என்று நீ நினைத்தாய். எனக்கு வேறு வழி இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து ஜெனிட்டா வேலைக்கு வந்தாள். வந்த முதல் கிழமையே வன்தட்டின் அளவைத் திரையில் பார்த்துவிட்டு, "அண்ணன், பெட்டியில ஒரு டெராபைட் எண்டு போட்டிரிக்கி. இதில தொளாயிரத்து முப்பத்தொண்டு ஜிபிதானே காட்டுது" என்றாள்.

நான் தாள் வியாபாரி. ஆயிரத்தில் அறுபத்தொன்பது குறைகிறதென்றால் என் கை தன்பாட்டில் கணக்குப் பார்த்துவிடும். ஐந்நூறு தாள் ரீமில் முப்பத்துநாலு தாளை உருவினது மாதிரி. என் கடையில் ஒரு ரீமில் நாலு தாள் குறைந்தால்கூட சுற்றின கடதாசியோடு கொழும்புக்குத் திருப்பி அனுப்பியவன் நான். அடுத்த நாள் காலை, சந்தைக்கு முன்னாலுள்ள தேநீர்க்கடையில், நீ பிளேன்ரீயை ஊதிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். அரிசி முதலாளி, தேங்காய் முதலாளி, இன்னும் நாலு பேர். எல்லாரும் உனக்கும் எனக்கும் தெரிந்தவர்கள்.

"மச்சான், ஆயிரமெண்டு வித்தாய். தொளாயிரத்து முப்பத்தொண்டுதான் இரிக்கி. மிச்சம் எங்க?"

"அது கணக்கு வேற" என்றாய். தலையை நிமிர்த்தவும் இல்லை.

"என்ன கணக்கு? சொல்லன்."

"விளங்குறவனுக்குச் சொல்லலாம். உனக்குத் தாள் எண்ணத்தான் தெரியும்."

அரிசி முதலாளி சிரித்தார். தேங்காய்க்காரர் தேநீரைத் துப்பிவிட்டுச் சிரித்தார். நான் எழும்பினேன்.

"ஓம், எனக்குத் தாள் எண்ணத்தான் தெரியும். எண்ணித்தான் வாங்குறன், எண்ணித்தான் விக்கிறன். இவன் அளவுல களவெடுக்கிறவன். இவனிட்ட ஆரும் சாமான் வாங்காதீங்க."

சந்தை ஊரில் ஒருவனைக் குடிகாரன் என்று சொல்லலாம், அடுத்த நாளும் அவன் வியாபாரம் நடக்கும். அளவில் களவெடுப்பவன் என்று சொன்னால் நடக்காது. அது எனக்குத் தெரிந்துதான் சொன்னேன். நீ பிளேன்ரீயைக் குடித்து முடித்தாய், காசு வைத்தாய், போனாய். ஊர் தன் கணினிகளைத் தூக்கிக்கொண்டு கல்முனைக்குப் போனது. ஒரு வருடத்துக்குள் உன் கடையில் தேங்காயெண்ணெய் விற்றார்கள். நீ கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை ஊர்களுக்கு, வீடு வீடாய்த் திருத்தப் போனாய். அங்கே என் பேச்சு எட்டியிருக்கவில்லை.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள் காலைதான் குருமண்வெளித் துறையில், வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்குக் காத்து நிற்கும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாயாம். படகு கரைக்கு வருமுன் முடிந்துவிட்டதாம். உன் பிரேதம் என் கடைத் தெருவால் போனபோது எல்லாக் கடைகளும் கதவைச் சாத்தின. நான் இரண்டு கதவில் ஒன்றைச் சாத்தினேன். மற்றதைத் திறந்தே வைத்தேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்றுதான்.

பிறகு உன் மலர் என்னிடமே வந்தது. இந்தப் பக்கத்தில் நிறத்தில் அச்சடிக்கிற மெஷின் வேறெங்கும் இல்லை, அதனால் வந்தது, விருப்பத்தில் அல்ல. உன் மனைவி வனிதா, உன் தம்பியிடம் பென்ட்ரைவைக் கொடுத்துவிட்டிருந்தாள். அவன் அதை என் கையில் தராமல் ஜெனிட்டாவின் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். ஜெனிட்டா கறுப்புத் திரையைத் திறந்து df -h என்று அடித்தாள். எந்தத் துண்டு எவ்வளவு, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று வரி வரியாய்க் காட்டும் கட்டளை. எங்கள் பக்கங்கள் இருக்கும் பெரிய துண்டு அரைவாசிக்கு மேல் காலி. கணினியின் சொந்தத் துண்டு, உன் முப்பது ஜிபி, நூறு வீதம்.

"இதுக்குள்ளதான் மெஷின் தன்ட தற்காலிக வேலையெல்லாம் எழுதுது அண்ணன். இது நிரம்பினா, அங்கால எவ்வளவு கிடந்தும் பக்கத்தச் சேமிக்க ஏலாது."

எனக்கு விளங்கியது. ஒரு துண்டில் தண்ணீர் முட்டி நிற்கிறது, பக்கத்துத் துண்டு காய்ந்து கிடக்கிறது, நடுவில் நீ போட்ட வரம்பு. நிரம்பாது என்று சொன்ன துண்டு.

எது நிரப்பியது என்று ஜெனிட்டா கோப்பு கோப்பாய் அளவு பார்த்தாள். ஒரே ஒரு பதிவுக் கோப்பு இருபத்திரண்டு ஜிபி. திறந்தால் ஒரே வரி, கோடிக்கணக்கான தடவை. நான் போன வருடம் விற்ற பழைய பிரிண்டரைக் காணவில்லையாம். அதைக் கணினியிலிருந்து நீக்க யாருமில்லாததால் அது ஒவ்வொரு நொடியும் பல தடவை தேடித் தேடி, காணவில்லை காணவில்லை என்று எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. பிரிண்டரை நீக்காமல் விற்றது என் பிழை. அதை நீக்க முடியாதபடி திறப்பைக் கொண்டுபோனது உன் பிழை. ஜெனிட்டா அழிக்கப் பார்த்தாள். அனுமதியில்லை என்றது.

கல்முனைக்காரன் ஒருவனுக்கு அழைத்தேன். "மெஷின இஞ்ச கொண்டாங்க, மூண்டு நாலு நாள் செல்லும். உள்ள இரிக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல" என்றான். உள்ளே இருந்தது உன் மலர், ஜெனிட்டாவின் மூன்று நாள் வேலை. அச்சடித்து, மடித்து, கம்பி அடித்து, ஓரம் வெட்ட நாலு நாள் வேண்டும். உனக்கு முப்பத்தொன்று வர ஏழு நாள். முப்பத்திரண்டாம் நாள் நினைவு மலர் எவருக்கும் வேண்டாம்.

வேறு வழியில்லாமல் உன் வீட்டுக்கு அழைத்தேன். மூன்று வருடத்துக்குப் பிறகு.

"தங்கச்சி, அவன் என்ட கொம்பியூட்டருக்கு ஒரு பாஸ்வேர்ட் வச்சிருந்தவன். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லுங்க."

"போன்ல சொல்லமாட்டன். வாறன்."

சாவுத் துடக்கு வீட்டுக்காரி முப்பத்தொன்று முடியாமல் கடைப்படி ஏறக்கூடாது என்பது ஊர் வழக்கம். அவள் ஏறினாள். தெரு பார்த்துக்கொண்டிருக்க ஏறினாள். முன்பெல்லாம் என்னை அண்ணன் என்று கூப்பிட்டவள்.

"இரிங்க தங்கச்சி."

"நான் இரிக்க வரல்ல முதலாளி. கல்குலேட்டர் இரிக்கா?"

மேசையில் இருந்ததைத் தள்ளிவிட்டேன். அவள் அதைத் திருப்பி என் பக்கமே தள்ளினாள். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவள் அல்லவா.

"நீங்களே அமத்துங்க. ஆயிரம் போடுங்க. ஆயிரத்தால பெருக்கி, ஆயிரத்து இருபத்துநாலால பிரிங்க."

தொளாயிரத்து எழுபத்தாறு சொச்சம் வந்தது.

"திருப்பி. அதே மாதிரி."

தொளாயிரத்து ஐம்பத்துமூன்று சொச்சம்.

"இன்னொருக்கா."

தொளாயிரத்து முப்பத்தொன்று.

ஜெனிட்டா கதிரையில் திரும்பி இருந்து பார்த்தாள். நான் கல்குலேட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஹாட் டிஸ்க் செய்யிறவன் ஆயிரம் ஆயிரமா எண்ணிப் பெட்டியில அடிக்கிறான்" என்றாள் வனிதா. "மெஷின் ஆயிரத்து இருபத்துநாலு, ஆயிரத்து இருபத்துநாலா எண்ணுது. சாமான் ஒண்டுதான். எண்ணுற முறை ரெண்டு. அவர் ஒண்டும் உருவல்ல."

எனக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. அந்தக் கணக்கு என் கடையிலேயே கிடக்கிறது. பழைய ரீம் என்றால் நானூற்றெண்பது தாள், இப்போதைய ரீம் ஐந்நூறு. தாள் அதே தாள்தான். எந்த ரீமால் எண்ணுகிறாய் என்பதில்தான் எத்தனை ரீம் என்பது இருக்கிறது. இந்தப் பேச்சைப் பேசி நானே எத்தனை வாடிக்கையாளரைச் சமாளித்திருக்கிறேன்! தேநீர்க்கடையில் நீ "ரீம் மாதிரித்தான்டா, ரெண்டு எண்ணிக்கை" என்று நாலு சொல் சொல்லியிருந்தால், நான் இருந்த இடத்தில் இருந்திருப்பேன். உனக்கு இன்னொரு பிளேன்ரீக்கும் காசு கொடுத்திருப்பேன்.

"இத அவன் ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"நானும் கேட்டனான். ஒரு நாள் இல்ல, பல நாள்." அவள் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "'அவன் என்ட கூட்டாளி. அவனுக்கு நான் கணக்குக் காட்டித்தான் களவெடுக்கல்ல எண்டு விளங்கவைக்க வேணுமா' எண்டு சொன்னார்."

அதைக் கேட்டு நான் உருகிவிட்டேன் என்று நினைக்காதே. எனக்கு இன்னும் கோபம் கூடியது. கணக்குக் காட்டுவது அவமானம் என்று உனக்கு யார் சொன்னது? நான் என் சொந்தத் தம்பிக்கும் தாளை எண்ணித்தான் கொடுக்கிறேன், அவனும் எண்ணித்தான் வாங்குகிறான், ஒரு நாளும் முகம் கோணவில்லை. எண்ணிக் காட்டாமல் நம்பு என்பது உன் வழி. எண்ணிக் காட்டினால்தான் நம்புவேன் என்பது என் வழி. உனக்கு இது இருபது வருடமாகத் தெரியும். தெரிந்தும் வாயைப் பூட்டினாய். கடையைப் பூட்டினாய். அவளைப் படுவான்கரைப் பாதைப் படகின் நேரம் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கவைத்தாய். நான் சொன்னது பொய். அதை நான் மறுக்கவில்லை. அந்தப் பொய்யைக் கொல்லும் மருந்து உன் கையில் இருந்தது. என்னைத் தண்டிப்பதற்காக நீ அதை எடுக்காமல் விட்டாய், உன் குடும்பமும் சேர்ந்து பட்டது.

"அங்கால திரும்புங்க" என்றாள் வனிதா. என் கடைக்குள் நான் தாள் அடுக்கைப் பார்த்துத் திரும்பி நின்றேன். விசைகளின் சத்தம் கேட்டது. ஜெனிட்டா அழித்தாள், பிரிண்டரையும் நீக்கினாள். திரும்பச் சொன்னபோது நூறு வீதம் என்றிருந்த இடத்தில் இருபத்தேழு என்றிருந்தது. பதினாறாம் பக்கம் சேமிக்கப்பட்டது. எல்லாம் பத்து நிமிட வேலை.

"பெரிய உதவி தங்கச்சி. மலருக்குக் காசு வேணாம். நான் அடிச்சுத் தாறன்."

"விலையச் சொல்லுங்க முதலாளி."

"வேணாமெண்டு சொல்லுறன்தானே."

"சும்மா அடிச்சுத் தந்தா, களவெடுத்தவன்ட மலர இரக்கத்துக்கு அடிச்சுக் குடுத்தாரெண்டுதான் ஊர் கதைக்கும். விலையச் சொல்லுங்க."

"முன்னூற்று எண்பது. எல்லாருக்கும் அதுதான்."

"எல்லாருக்கும் அதெண்டா எனக்கும் அது. மறுகா, அவரப் பற்றிச் சொன்னத நீங்க திருப்பி எடுக்கணும்."

நான் பேரம் பேசத் தெரிந்தவன். கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பாக அச்சடிக்கிறேன் என்றேன்.

"மலர வாங்கி அலுமாரிக்குள்ள வைப்பாங்க. ஆரும் வாசிக்கிறல்ல. நீங்க சொன்னது தேத்தண்ணிக்கடையில. அங்க போய்ச் சொல்லுங்க."

"சரி, அரிசி முதலாளியிட்டச் சொல்லுறன். அவர் சொன்னா ஊருக்கே போகும்."

"அண்டைக்கு எத்தின பேர் இரிந்தாங்க?"

"ஆறு பேர்."

"அந்த ஆறு பேருக்கும்."

"ஒருத்தன் கட்டாருக்குப் போயிற்றான் தங்கச்சி."

"அவருக்குப் போன் போடுங்க. வீடியோவில."

ஜெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த ஊரில் என்னிடம் இப்படி ஒருவரும் பேரம் பேசியதில்லை. நீ அவளிடம் கொஞ்சம் படித்திருக்கலாம்.

நீ பிரித்ததை நான் மாற்றப்போவதில்லை. முப்பது முப்பதாகவே இருக்கட்டும். பிரித்தது சரி, எனக்கு மறைத்ததுதான் பிழை. உன்மேல் எனக்குள்ள கோபமும் அப்படியே இருக்கிறது, அதையும் யாரும் இறக்கி வைக்கப்போவதில்லை. அதோடு சேர்த்து இப்போது என்னிடம் இருப்பது வனிதாவோடு பேசி முடித்த இந்த ஒப்பந்தம். முன்னூறு பிரதி, இருபத்தெட்டுப் பக்கம், நிற அட்டை, பிரதி முன்னூற்று எண்பது ரூபாய். ஒரு சதமும் குறைப்பில்லை, கூட்டலில்லை. அரைவாசி முற்பணம், ஐம்பத்தேழாயிரம், கையில் வாங்கி, அவள் முன்னால் எண்ணிப் பார்த்துவிட்டேன். சனிக்கிழமை பின்னேரம் பிரதிகள் உன் வீட்டில் இறங்க வேண்டும். அதற்கு முதல், வெள்ளிக்கிழமை காலை, தேநீர்க்கடையில், ஐந்து பேரும் நேரில், ஆறாவது ஆள் வீடியோவில் இருக்க, நான் எழும்பி நின்று, நீ அளவில் களவெடுக்கவில்லை என்று, அன்று கத்திய அதே சத்தத்தில் சொல்ல வேண்டும். கல்குலேட்டரில் கணக்கையும் காட்ட வேண்டும். மிச்சக் காசும் கடவுச்சொல்லும் அதற்குப் பிறகு.